சிகிரியாவுக்கு எதிரே மூன்று இரவுகள்

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர ஆகிற நேரம், அங்கே விமானம் ஏறிக் கொழும்பில் இறங்க ஆகிற நேரத்தைவிட அதிகம்! அத்திப்பள்ளியில் ஆரம்பிக்கிற நெரிசல் நகரத்தைத் தாண்டும் வரை விடாது. விமானத்திலோ, கொடுத்த சாப்பாட்டைப் பிரித்து முடிப்பதற்குள் "இறங்கப் போகிறோம், பெல்ட் போடுங்கள்" என்கிறார்கள். கடல் தாண்டிய அயல்நாடு என்றால் எட்டாத தூரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் என்னைப் போன்ற சகோதரிகளுக்காகத்தான் முதலிலேயே இதைச் சொல்லிவிட்டேன்.

என் கணவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் முடித்தவர்களுக்கு அங்கே ஒரு மரியாதை செய்கிற வழக்கம் உண்டு. ஒன்று, தங்கக் காசு. இல்லாவிட்டால், தம்பதியாக வெளியூர் போய் மூன்று இரவு தங்கி வருகிற செலவு. இவர் தங்கம் என்றார். மாமியாரும் தங்கம் என்றார். நான் மட்டும், "தங்கம் பீரோவுக்குள்ளே போயிடும். நான் எங்கேயும் போனதில்லையே" என்றேன். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் திருப்பதி, தர்மஸ்தலா, மைசூர், இவ்வளவுதான் என் பிரயாணம். அதிலும் எங்கே போனாலும் புளியோதரை கட்டுகிற வேலை என்னுடையது. மாமியார் சற்று நேரம் யோசித்துவிட்டு, "போய்ட்டு வரட்டும்டா. நாலு நாள் நான் சமைச்சா என்ன, கை தேஞ்சா போயிடும்?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தபோது ஒரு வேடிக்கை. "சிரிக்கக் கூடாதும்மா, வாயை மூடிக்கிட்டு நேராப் பாருங்க. அதுதான் சட்டம்" என்றான் போட்டோக்காரப் பையன். இப்படி ஒரு நல்ல சட்டம் இருக்கிறதா என்று எனக்கு ஒரே சந்தோஷம்! காரணம் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமம். என் முன்பற்களில் பழுப்புக் கறை உண்டு. கல்யாண ஆல்பம் முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன். பெண் பார்த்துவிட்டுப் போன இவர், "பொண்ணுக்குச் சிரிக்கவே தெரியாதோ?" என்று வீட்டில் கேட்டாராம். பல்லைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் மலைக்குப் போவோம்.

கொழும்பு விமான நிலையத்திலிருந்து காரில் நான்கு மணி நேரம். தென்னந்தோப்புகள் முடிந்து, தம்புள்ளையை நெருங்கும்போது சமவெளியும் காடுமாக மாறுகிறது. அந்தச் சமவெளியின் நடுவில், யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி ஒற்றைப் பாறை ஒன்று நிற்கிறது. அதுதான் சிகிரியா. சிம்மகிரி என்ற பெயர்தான் அப்படி மருவியதாம். சுற்றுத் தரையிலிருந்து ஏறக்குறைய 180 மீட்டர் உயரம். காசியப்பன் என்ற அரசன் கி.பி. 477 முதல் 495 வரை ஆண்டபோது அந்தப் பாறையின் தலைமேல் அரண்மனை கட்டிக்கொண்டு வாழ்ந்தான். இப்போது இடிபாடுகள்தான் மிச்சம். 1982-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எங்களுக்குப் பதிவு செய்திருந்தது ஹெரிடன்ஸ் கண்டலம என்கிற பெரிய ஓட்டல். வண்டி சிகிரியாப் பக்கம் போகாமல் காட்டுப் பாதையில் திரும்பியது. இவருக்கு ஒரே குழப்பம். வாசலில் இறங்கினால் கட்டிடத்தையே காணோம்! ஒரு குகைக்குள் நுழைவது போல நுழைகிறோம். ஒரு பக்கம் நிஜப் பாறை, அப்படியே கையால் தொடலாம். "ஆயுபோவன்" என்று கைகூப்பி வரவேற்று, குடிக்கக் குளிர்ச்சியாகக் கொடுத்தார்கள். பாறையை ஒட்டி நடந்து திரும்பியதும் எதிரே அகண்ட ஏரி. ஏரிக்கு அப்பால் காடு. காட்டுக்கு அப்பால், தூரத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு அந்தப் பாறை!

"ஏங்க, மலைக்கோட்டைக்குப் பக்கத்திலேன்னாங்க. இவ்வளவு தூரத்துல தள்ளி வெச்சிருக்காங்களே, கம்பெனி சிக்கனம் பண்ணிடுச்சோ?" என்று இவர் என் காதைக் கடித்தார்.

அங்கிருந்த இளைஞர் ஒருவர் விவரம் சொன்னார். ஜெஃப்ரி பாவா என்று இலங்கையின் பெரிய கட்டிடக் கலைஞர் (1919 முதல் 2003 வரை வாழ்ந்தவர்). 1990-களின் தொடக்கத்தில் இந்த ஓட்டலைக் கட்ட நினைத்தவர்கள் சிகிரியாவின் அடிவாரத்திலேயே இடம் காட்டினார்களாம். அவர்தான் அது வேண்டாம் என்று சொல்லி, பல கிலோமீட்டர் தள்ளி இந்தக் கண்டலம ஏரிக்கரையைத் தேர்ந்தெடுத்தார். மலையை மறைத்துக்கொண்டு நிற்பதைவிட எட்டி நின்று பார்ப்பதுதான் அழகு என்பது அவர் எண்ணம். பெரியவர்கள் முன்னால் ஒட்டிக்கொண்டு உட்காராமல் சற்றுத் தள்ளி உட்காருகிறோமே, அந்த மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

கட்டிடம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். 152 அறைகள். ஆனாலும் வெளியிலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் கொடி படர்ந்த மாதிரிதான் தெரியும். மொட்டைமாடியெல்லாம் செடி, முன்பக்கமெல்லாம் கொடி. தூண்கள்மேல் தூக்கிக் கட்டியிருப்பதால் மழைத் தண்ணீர் பாறையிலிருந்து இறங்கிக் கட்டிடத்துக்கு அடியிலேயே ஏரிக்கு ஓடிவிடுகிறது. மாடிப்படி வளைவில் லக்கி சேனநாயக்க என்ற கலைஞர் செய்த பிரம்மாண்டமான ஆந்தை சிறகு விரித்து நிற்கிறது. ராத்திரி எதிர்பாராமல் பார்த்தால் நெஞ்சு பக்கென்று ஆகும்!

அறையைப் பற்றிச் சொல்லவா? ஒரு ராத்திரி வாடகை எங்கள் வீட்டு மளிகை, பால், கேஸ் எல்லாம் சேர்ந்த ஒரு மாதக் கணக்கைத் தாண்டுகிறது. படுத்தால் மேகத்தில் படுத்த மாதிரி மெத்தை. குளியலறையில் காட்டைப் பார்த்த சுவர் முழுவதும் கண்ணாடி! வெளியே மனுஷர் யாரும் வர முடியாது, மரங்கள்தான் என்று எத்தனை சொன்னாலும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அப்போது ஒரு குரங்கு வந்து நிதானமாக உட்கார்ந்து உள்ளே பார்த்தது. திரையை இழுத்துவிட்டுத்தான் குளித்தேன். (பால்கனிக் கதவைச் சாத்தி வையுங்கள், குரங்கு வரும் என்று சொல்லித்தான் சாவியே கொடுக்கிறார்கள்.)

மறுநாள் காலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. வாசல் தெளிக்க வேண்டாம், பால் காய்ச்ச வேண்டாம். சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போர்வையை மடித்தேன், விரிப்பை இழுத்துச் செருகினேன், டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன். காலை ஆகாரத்துக்கு இடியாப்பம், தேங்காய்ச் சம்பல், பாற்சோறு என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தால், அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் திகைத்துப்போய் நின்றுகொண்டிருந்தாள். என் வயதுக்கு நாலைந்து குறைவாக இருக்கலாம். இவரோடு நான் பேசிய தமிழைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"நீங்க ஏன்க்கா கட்டில் விரிச்சீங்க? அது என் வேலையாச்சே!"

"கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரிக்கும்போது வலது கை தானாக மேலே போய் வாயை மறைத்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக நான் செய்கிற காரியம் அது. என் வாய்க்கும் என் கை போயிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கையை இறக்கினாள். நானும் இறக்கினேன். அவள் பற்களில் கறை இல்லை. முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அதைத்தான் மறைத்திருக்கிறாள். ஆனால் என் பல்லைப் பார்த்ததும் சட்டென்று, "அக்கா, என் மகனுக்கும் இப்பிடித்தான் இருக்கு" என்றாள்.

அவள் பிறந்தது மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டம். கட்டிக்கொடுத்தது வடக்கே கெக்கிராவைக்கு அருகே ஒரு கிராமம். மகனுக்கு ஒன்பது வயது. மேலே பேசுவதற்குள் அடுத்த அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நாங்களும் சிகிரியாவுக்குப் புறப்பட வேண்டியிருந்தது.

மலை ஏறுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏறக்குறைய 1200 படிகள். எனக்கு நாற்பத்தாறு வயது, முழங்கால் லேசாகப் பிடிக்கும். ஆனாலும் ஏறினேன். வெயில் ஏறுவதற்கு முன் போய்விட வேண்டும். நூறு படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்க வேண்டும். தண்ணீர்ப் புட்டி கட்டாயம். நுழைவுச் சீட்டு வாங்க பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள், தெற்காசிய நாட்டவருக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. மேலே பாறையில் குளவிக் கூடுகள் இருப்பதால் சத்தம் போடக் கூடாது. இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். கீழே இருக்கும் தோட்டங்களே கண்ணுக்கு விருந்துதான்.

அந்தத் தோட்டங்களில்தான் முதல் ஆச்சரியம். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் வெட்டிய நீர்த் தடாகங்கள், தரைக்கு அடியில் கால்வாய்கள், கல்லில் துளை போட்ட நீரூற்றுகள். மழைக்காலத்தில் இன்றைக்கும் அந்த ஊற்றுகள் பொங்குமாம். மோட்டார் கிடையாது. தண்ணீர் தன் பாரத்தாலேயே பொங்குகிறது.

பாதி உயரத்தில் சுருள் படிக்கட்டில் ஏறினால், உலகப் புகழ் பெற்ற அந்த ஓவியங்கள். கையில் பூவோடு, தலையில் கிரீடத்தோடு, மேகத்திலிருந்து எழுந்த மாதிரி பெண்கள். தேவமாதர் என்பார் சிலர், அரண்மனைப் பெண்கள் என்பார் சிலர். இருபதுக்குச் சற்று மேல்தான் மிச்சம் இருக்கின்றன. படம் எடுக்க அனுமதி இல்லை. எல்லோரும் நகை, உடை, நிறம் என்று பார்க்கிறார்கள். நான் வாயைப் பார்த்தேன். நான் பார்த்தவர்களில் ஒருத்தியும் பல் தெரியச் சிரிக்கவில்லை! உதட்டோரம் புன்னகைதான். அதற்குக் கீழே கண்ணாடி போல மெருகேற்றிய சுவர். பழங்காலத்தில் வந்து போனவர்கள் அந்தப் பெண்களைப் பற்றிப் பாட்டு எழுதிக் கீறி வைத்திருக்கிறார்கள். பரணவிதான என்ற அறிஞர் அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956-ல் புத்தகமாக வெளியிட்டார். எழுதியவர்களில் பெண்களும் உண்டு என்று கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்கு மேல், சிங்கத்தின் இரண்டு பாதங்கள். விரல் நகமே ஆள் உயரத்துக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் முழுச் சிங்கமாக இருந்ததாம். கடைசியாக இரும்புப் படிக்கட்டு. காற்று ஆளைத் தள்ளுகிறது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். (ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பிடித்ததில்லை!)

உச்சியில் அரண்மனை இல்லை. செங்கல் அஸ்திவாரங்கள்தான், வீடு கட்ட ஆரம்பித்து நிறுத்திவிட்ட மாதிரி. ஆனால் நடுவில், பாறையிலேயே வெட்டிய பெரிய குளம் ஒன்று. அதில் தண்ணீர் இருந்தது! சுவர் போய்விட்டது, கூரை போய்விட்டது, ராஜா போய்விட்டான். தண்ணீர் மட்டும் நிற்கிறது.

குளத்தருகே நின்றுதான் வழிகாட்டி அந்தக் கதையைச் சொன்னார். காசியப்பனின் தகப்பன் தாதுசேனன். கலாவெவ என்ற மாபெரும் ஏரியைக் கட்டியவன். காசியப்பன் தகப்பனைச் சிறைப்பிடித்து ஆட்சியைப் பறித்தான். பட்டத்துக்கு உரிய தம்பி முகலன் இந்தியாவுக்குத் தப்பிவிட்டான். பொக்கிஷத்தை எங்கே மறைத்து வைத்திருக்கிறாய் என்று மகன் மிரட்ட, காட்டுகிறேன் என்று சொல்லித் தகப்பன் கலாவெவ ஏரிக்குப் போனான். இறங்கிக் குளித்து, தண்ணீரைக் கையில் அள்ளி, இதுதான் என்னிடம் உள்ள செல்வம் எல்லாம் என்று காட்டினானாம். ஆத்திரம் கொண்ட மகன் அவனை உயிரோடு சுவரில் வைத்து மூடச் செய்தான் என்று சூளவம்சம் என்கிற பழைய நூல் சொல்கிறது. பதினெட்டு வருஷம் கழித்து முகலன் படையோடு திரும்பி வந்தான். காசியப்பன் போரில் மடிந்தான். மலை புத்த பிக்குகளின் இருப்பிடமாயிற்று.

மகன் கட்டிய அரண்மனையைப் பார்க்க உலகமே டிக்கெட் வாங்கி வருகிறது. தகப்பன் கட்டிய ஏரியோ இன்றைக்கும் வயலுக்குப் பாய்கிறது. அதிலிருந்து அனுராதபுரத்துக்குச் சுமார் 87 கிலோமீட்டர் கால்வாய் போகிறதாம். இறங்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர் நினைப்புதான். ராயக்கோட்டை நமக்கு ஒரு மணி நேர பஸ் பிரயாணம். கிருஷ்ணகிரிக் கோட்டை ஊர் நடுவிலேயே நிற்கிறது. 1791-ல் ஆங்கிலேயர் படை எடுத்தும் அந்த மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. அந்த மலைகளின் மேலும் பாறையில் சுனைகள் உண்டு. உயரத்தில் குடியேறியவன் எவனும் முதலில் தண்ணீருக்குத்தான் வழி பார்த்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் ஓட்டலின் நீச்சல் குளத்தருகே உட்கார்ந்திருந்தோம். குளத்துத் தண்ணீரும் அதற்குக் கீழே உள்ள ஏரித் தண்ணீரும் ஒன்றோடொன்று சேர்ந்தாற்போலத் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். இந்த ஓட்டல் கட்ட ஆரம்பித்தபோது பிக்குகளும் ஊர் ஜனங்களும் பலமாக எதிர்த்தார்களாம். கழிவு எல்லாம் ஏரியில் கலந்துவிடும் என்று அவர்களுக்குப் பயம். அந்த ஏரியை நம்பித்தான் வயல்கள். இப்போது ஓட்டலின் கழிவுநீரை அங்கேயே சுத்திகரித்துத் தோட்டத்துக்குத்தான் பாய்ச்சுகிறார்கள். ஜனங்கள் வாயைத் திறந்து கேட்டதால்தான் ஏரிக்கு இத்தனை கவனிப்பு என்று நினைத்துக்கொண்டேன். நம் கெலவரப்பள்ளி அணையை நினைத்தால் வயிறு எரிகிறது. பெங்களூர்ப் பக்கத்துக் கழிவெல்லாம் தென்பெண்ணையில் கலந்து, மதகைத் திறந்தால் வெள்ளை நுரை ஆளுயரத்துக்குப் பொங்குகிறதே! பேப்பரில் படம் போடுகிறார்கள். நாமும் பார்த்துவிட்டு அந்தப் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறோம்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் வேலை முடிந்து போகும்போது கதவைத் தட்டினாள். போனில் மகன் படத்தைக் காட்டினாள். துறுதுறுவென்ற பையன். முன்பற்களில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுக்கள், நடுவில் பழுப்புக் கோடு.

"ஸ்கூல்ல கேலி பண்றாங்களாம் அக்கா. பல்லு வெளக்கலியான்னு கேக்குறாங்களாம். நான் ரெண்டு வேளை நின்னு வெளக்க வைக்கிறேன்."

எனக்குத் தொண்டை அடைத்தது. இதே வார்த்தையை நான் மூன்றாம் வகுப்பில் கேட்டிருக்கிறேன். சாம்பல், செங்கல் தூள், உப்பு என்று ஈறு புண்ணாகும் வரை தேய்த்திருக்கிறேன். அது அழுக்கு இல்லை, தண்ணீர் என்று எனக்குத் தெரியவந்தபோது எனக்கு முப்பது வயது.

சகோதரிகளே, இதை எல்லாத் தாய்மார்களும் தெரிந்துகொள்ள வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பூமி பழங்காலக் கடும்பாறை. இலங்கையின் அந்த வறண்ட சமவெளியும் அப்படித்தான். அந்தப் பாறையில் உள்ள ஃபுளோரைடு என்கிற உப்பு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் நாட்டு அளவுகோலும் ஒன்றுக்குள் இருப்பது நல்லது, ஒன்றரையைத் தாண்டக் கூடாது என்கிறது. குழந்தை பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை, வெளியே தெரியாமல் ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் உடம்பில் சேரும் அதிகப்படி ஃபுளோரைடுதான் பின்னால் கறையாகத் தெரிகிறது. எத்தனை தேய்த்தாலும் போகாது. பல வருஷம் தொடர்ந்து அதிக அளவில் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். முதுகு விறைத்து நிமிர முடியாமல் நடக்கும் பெரியவர்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன்.

"தண்ணியக் காய்ச்சித்தான் குடுக்கிறேன் அக்கா" என்றாள் அவள்.

காய்ச்சினால் கிருமிதான் சாகும். ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் கூடும். மெழுகுவர்த்தி வடிகட்டியிலும் அது நிற்காது. ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியை எடுத்துவிடும். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவர்கள் பக்கத்து ஊரில் அப்படிச் சுத்திகரித்த தண்ணீரைக் கேனில் விற்கிறார்களாம். காசு கொடுத்து எதற்கு என்று வீட்டில் வாங்குவதில்லையாம். "குடிக்கவும் சோறு வடிக்கவும் மட்டும் அதை வாங்கும்மா. குளிக்க, துவைக்கக் கிணத்துத் தண்ணி போதும். பையனுக்குப் பிளேன்டீ குடுக்காதே, தேயிலையிலும் அது இருக்கு" என்றேன். அவளுக்கு அடியில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. பையனுக்கு வந்த கறையை மாற்ற முடியாது, பெரியவனான பின் பல் டாக்டர் மேல்பூச்சு ஏதாவது போடலாம். சின்னதுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ட்டு வாங்க அக்கா" என்றாள். வாயை மறைக்காமல்தான் சிரித்தாள்.

ஊர் திரும்பியதும் மாமியார் சமையலை மெச்சிக் கை கழுவிய கையோடு, கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகள் வீட்டுக்குப் போனேன். பேரனுக்கு எட்டு மாதம். தாய்ப்பால் மட்டும் குடித்த வரைக்கும் கவலை இல்லை. தாய் எந்தத் தண்ணீர் குடித்தாலும் தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் கொஞ்சமாகத்தான் வரும். இப்போதோ கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணீர் என்று ஆரம்பித்திருக்கிறது. எல்லாம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில்! ஒரு புட்டியில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். ஒன்றரைக்கு மேல் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சம்பந்தி அம்மாள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்க எல்லாரும் இந்தத் தண்ணியக் குடிச்சுத்தானே வளந்தோம்? வெளிநாடு போய்ட்டு வந்ததும் எங்க தண்ணியே ஆகலியா?" என்றார். நான் பதிலுக்கு எதுவும் விவாதம் செய்யவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, உதட்டைத் தூக்கி என் பற்களைக் காட்டினேன். "இது தண்ணியால வந்தது சம்பந்தி. நான் பல்லு வெளக்காம வந்தது இல்லை" என்றேன். அந்த அம்மாள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பெரிய நாத்தனாருக்கு இப்பிடித்தான் இருக்கும். அதனாலயே மூணு எடம் தட்டிப் போச்சு" என்றார்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-லிருந்து நம் இரு மாவட்டங்களுக்கும் வருகிறது. இந்தக் கறை நோயைத் தடுக்கவென்றே ஜப்பான் நிதி உதவியோடு போட்ட திட்டம் அது. மகள் வீட்டுத் தெருவிலும் குழாய் இருக்கிறது. தினமும் வருவதில்லை, தூரம் வேறு என்று பிடிக்காமல் விட்டிருந்தார்கள். இப்போது மூடி போட்ட இரண்டு எவர்சில்வர் டிரம் வாங்கி வைத்திருக்கிறோம். தங்கக் காசு கிடைத்திருந்தால் அதற்குக் கொடுத்திருக்கலாம் என்று இவர் கிண்டல் செய்தார். வந்த அன்று பிடித்து, குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுக்கிறார்கள். பிடித்து வைப்பது சம்பந்தி அம்மாள்தான். மாப்பிள்ளையைக்கூட அந்த டிரம்மில் கை வைக்க விடுவதில்லையாம்.

பேரனுக்குக் கீழே இரண்டு பால்பற்கள் அரிசி போல முளைத்திருக்கின்றன. பால்பல்லை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. நிரந்தரப் பல் ஆறு வயதுக்கு மேல்தான் முளைக்க ஆரம்பிக்கும். அதுவரை தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதுதான்.